மிஞ்சிய ஃபைனான்ஷியல் எய்டு பணம் அக்கவுண்ட்டுக்கு எப்போது வரும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் மாணவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஃபீஸ் போக மிஞ்சும் ஃபைனான்ஷியல் எய்டு பணத்தை (கிரான்ட், ஸ்காலர்ஷிப், லோன்) டைரக்ட் டெபாசிட்டில், அதாவது நேராக வங்கிக் கணக்கில் வாங்குவது பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மகளின் காலேஜ் போர்ட்டலில் மைனஸ் 2,140 டாலர் என்று காட்டுகிறது. நாங்கள் கட்ட வேண்டியதா, எங்களுக்கு வர வேண்டியதா?

மைனஸ் என்றால் பெரும்பாலும் காலேஜ் உங்களுக்குத் தர வேண்டியது. ஆனால் அதில் "வரவிருக்கும் எய்டு" என்று காட்டும் தொகையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பணம் இன்னும் காலேஜுக்கே வரவில்லை என்று அர்த்தம். ஃபெடரல் எய்டு (அமெரிக்க மத்திய அரசு தரும் உதவி) வகுப்பு தொடங்குவதற்கு 10 நாளுக்கு முன்பாகக் கணக்கில் ஏறாது. ஏறி, ஃபீஸ் எல்லாம் கழிந்து மிச்சம் நின்றால், 14 நாளுக்குள் காலேஜ் அதைக் கொடுத்தாக வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே மிச்சம் நின்றிருந்தால் முதல் வகுப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும். மாநில உதவி, தனியார் ஸ்காலர்ஷிப் இவற்றுக்கெல்லாம் இந்த நாள் கணக்கு பொருந்தாது.

கேள்வி: டைரக்ட் டெபாசிட் கொடுத்தும் பணம் திரும்பிப் போய்விட்டதாம். என்ன தப்பு நடந்திருக்கும்?

பத்துக்கு எட்டு பேர் நம்பரைத் தப்பாகத்தான் போட்டிருப்பார்கள். செக்கின் அடியில் இடது ஓரத்தில் இருக்கும் ஒன்பது இலக்கம்தான் ரூட்டிங் நம்பர், அதாவது எந்த வங்கி என்று காட்டும் எண். டெபாசிட் ஸ்லிப்பில் இருக்கும் எண் சில வங்கிகளில் வேறாக இருக்கும், வயர் அனுப்பும் எண்ணும் அப்படித்தான், அதனால் வங்கி ஆப்பில் "டைரக்ட் டெபாசிட்" என்று போட்டிருக்கும் எண்ணையே எடுங்கள். டெபிட் கார்டின் 16 இலக்கத்தை அக்கவுண்ட் நம்பர் என்று போடும் பிள்ளைகளும் உண்டு (ஒவ்வொரு ஆகஸ்ட்டும் பார்க்கிறோம்). சேவிங்ஸ் கணக்கைக் கொடுத்துவிட்டு செக்கிங் என்று டிக் போட்டாலும் சிக்கல்தான். கணக்கில் மாணவர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று பல காலேஜ்கள் சொல்லும், அதனால் அப்பா பெயரில் மட்டும் இருக்கும் கணக்கைக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பிய பணம் காணாமல் போகாது. ஆனால் நிறைய இடங்களில் அடுத்து செக்காகப் போட்டு, போர்ட்டலில் இருக்கும் பழைய முகவரிக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் இன்றைக்கே முகவரியைச் சரிபாருங்கள். காலேஜ் 45 நாளுக்குள் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம், கடைசிவரை யாரும் வாங்கவில்லை என்றால் 240 நாளுக்குள் ஃபெடரல் பணம் கல்வித் துறைக்கே திரும்பிப் போய்விடும்.

கேள்வி: காலேஜ் சொல்லும் வங்கியில்தான் கணக்கு திறக்க வேண்டுமா? மிச்சப் பணத்தைப் போட்டுத் தரும் கார்டு ஒன்றும் அனுப்புவோம் என்கிறார்கள்.

வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் உங்கள் கணக்கே போதும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஃபெடரல் விதி. 2016 ஜூலையிலிருந்து, இப்படிக் கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட காலேஜ்கள், தேர்வு செய்யும் பக்கத்தில் மாணவரின் சொந்தக் கணக்கைத்தான் முதலில் காட்ட வேண்டும். கார்டு வந்துவிட்டது என்பதற்காக ஆக்டிவேட் செய்யாதீர்கள், கட்டண விவரத்தைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பேரன்ட் பிளஸ் லோன் (பிள்ளை படிப்புக்குப் பெற்றோர் எடுக்கும் ஃபெடரல் கடன்) என் பெயரில் எடுத்தேன். மிச்சம் மகனுக்கா, எனக்கா?

உங்களுக்குத்தான். மகனுக்குக் கொடுங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அவனுக்குப் போகும். லோன் விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது, அவசரத்தில் என்ன டிக் போட்டீர்கள் என்று திறந்து பாருங்கள்.

கேள்வி: 1,800 டாலர் வந்திருக்கிறது அக்கா. பழைய கார் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

தம்பி, முதலில் அது எந்தப் பணம் என்று பார். அக்கவுண்ட்டில் எல்லாம் ஒரே வரியாக "ரீஃபண்ட்" என்றுதான் விழும், பெல் கிரான்ட்டா (பண வசதி குறைந்த மாணவர்களுக்கான ஃபெடரல் உதவித்தொகை) லோனா என்று அங்கே தெரியாது. காலேஜ் போர்ட்டலில் எய்டு பட்டியலைத் திறந்தால்தான் தெரியும். கிரான்ட் என்றால் திருப்பிக் கட்ட வேண்டாம். சப்சிடைஸ்டு லோன் என்றால் நீ பாதி நேரத்துக்குக் குறையாமல் படிக்கும்வரை வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். அன்சப்சிடைஸ்டு என்றால் பணம் விழுந்த நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகை, சாப்பாடு, புத்தகம், பஸ் என்று தேவைக்கு எடுப்பதில் தப்பே இல்லை, லோன் கொடுப்பதே அதற்கும் சேர்த்துத்தான். தேவையில்லாத பங்கை 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் அந்தப் பங்குக்கு வட்டியும் கிடையாது, ஆரம்பத்தில் பிடித்த கட்டணமும் ரத்தாகிவிடும். இவ்வளவு நல்ல சலுகையை எங்கள் கவுன்டருக்கு வந்து கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கார் ஆசை லோன் பணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: இதற்கு வரி உண்டா?

லோனுக்கு இல்லை. கிரான்ட், ஸ்காலர்ஷிப் பணத்தில் டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம் போக மீதியை ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்தால் அந்தப் பகுதி வருமானமாகக் கணக்காகும். காலேஜ் தரும் 1098-டி வரிப் படிவத்தில் ஐந்தாம் பெட்டித் தொகை (கிரான்ட், ஸ்காலர்ஷிப்) முதல் பெட்டியை (டியூஷனுக்குக் கட்டியது) விடப் பெரிதாக இருந்தால் வரி பார்ப்பவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: நான் எஃப்1 (மாணவர் விசா). ஊரில் பேங்க் லோன் எடுத்துக் கட்டியதில் கூடுதலாகப் போய்விட்டது.

எஃப்1-க்கும் எச்4-க்கும் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) ஃபெடரல் எய்டு கிடையாது, அதனால் மேலே சொன்ன 14 நாள் விதியும் உங்களுக்கு இல்லை, அந்தந்தக் காலேஜின் விதிதான். பல இடங்களில் பணம் வந்த வழியிலேயே திருப்புவார்கள். உங்கள் கணக்குக்குக் கேட்கும் முன் ஊர் வங்கிக்கு ஒரு மெயில் போட்டு, லோன் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் வந்த பிறகு மகள் எல்லா வகுப்பையும் விட்டுவிடுகிறேன் என்கிறாள்.

செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டிவிட்டதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தாண்டாமல் விட்டால் படிக்காத நாட்களுக்கான ஃபெடரல் எய்டைத் திருப்ப வேண்டி வரும், காலேஜ் தன் பங்கைத் திருப்பிவிட்டு அதற்கு உங்களுக்கு பில் அனுப்பும். செலவழித்துவிட்டோம் என்று சொன்னால் நடக்காது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எய்டு ஆபீஸில் உட்கார்ந்து தொகையைக் கேளுங்கள்.

கேள்வி: "ரீஃபண்டை உறுதி செய்ய இங்கே லாகின் செய்யவும்" என்று மெயில் வந்தது, காலேஜ் லோகோவும் இருக்கிறது.

அழுத்தாதீர்கள். திருடர்கள் லாகினைப் பிடித்து ரூட்டிங் நம்பரை மாற்றிவிட்டால் பணம் அவர்கள் கணக்குக்குப் போய்விடும். போர்ட்டல் முகவரியை நீங்களே டைப் செய்து போய், வங்கி விவரம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வகுப்பு தொடங்கி நாலு நாள் ஆகிறது, புத்தகம் வாங்கக் காசில்லை.

ஃபெடரல் எய்டு தகுதி இருந்து, மிச்சம் வர வேண்டிய மாணவர் என்றால், ஏழாம் நாளுக்குள் புத்தகம் வாங்க ஏதாவது ஒரு வழி காலேஜ் செய்து தர வேண்டும். சில இடங்களில் புத்தகக் கடைக்கு வவுச்சர் தருவார்கள், அதற்கும் கடைசித் தேதி இருக்கும். நாளைக் காலையிலேயே எய்டு ஆபீஸுக்குப் போய் "புக் வவுச்சர் உண்டா" என்று கேளுங்கள்.