ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு: இம்மாதக் கேள்வி-பதில்

ஐயா, புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே, உண்மையா? (கடலூர் முதுநகர்)

எந்தப் புற்றுநோய்க்கு? மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, மனிதருக்கா? எத்தனை பேருக்கு? நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு டெஸ்ட் ட்யூபும் மூன்று ஆச்சரியக்குறியும்தான் இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட நோய்களுக்குப் பொதுப்பெயர் புற்றுநோய். எலியைக் காப்பாற்றிய மருந்துகளில் பெரும்பாலானவை மனிதரிடம் வந்து தோற்றுப்போயிருக்கின்றன. செய்தியை முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

சிவகளை இரும்புக்கு 5,300 வயது என்கிறார்கள். இரும்பில் கார்பன்-14 சோதனை எப்படிச் செய்தார்கள்? (நெல்லிக்குப்பம்)

இப்படித்தான் கேட்க வேண்டும்! கார்பன்-14 ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளின் வயதைத்தான் சொல்லும். அதனால் சோதனைக்குப் போனது இரும்போடு சேர்ந்து கிடைத்த கரி. 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளில் மிகப் பழைய தேதி கி.மு. 3345. பானை ஓடுகளை, கடைசியாகச் சூடோ வெயிலோ பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று காட்டும் ஒளி உமிழ்வு முறையில் தனியாகச் சோதித்தார்கள். கரியின் வயதை இரும்புக்குச் சொல்ல வேண்டுமானால் அந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்திருக்க வேண்டும். வயதான மரத்தை எரித்திருந்தால் கரி மூத்ததாகவும் காட்டும். அதனால்தான் ஒரே தேதியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாமல், பல தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

எங்கள் தெருவுக்குப் புகை மருந்து அடிக்க ஆள் வந்து ஒரு மாதம் ஆகிறது. டெங்கு வராமல் என்ன செய்யும்? டெங்கு பரப்பாத கொசுவைப் புதுச்சேரியிலேயே உருவாக்கியிருக்கிறார்களாமே, அதை ஏன் விடவில்லை? (லாஸ்பேட்டை)

மறுபடியும் புகை! மாதத்துக்கு நாலு கடிதம் புகை கேட்டு வருகிறது. கொசு எங்கே முட்டையிடுகிறது என்று கேட்டு ஒன்றுகூட வந்ததில்லை.

புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்து, அதில் மாட்டிக்கொள்ளும் கொசுவை மட்டும். தண்ணீரில் இருக்கும் கூத்தாடிப் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். மற்ற நேரத்தில் கட்டிலடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்க் கதவு ஜன்னலை எல்லாம் சாத்துகிறோம். கொசுவுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேண்டுமா?

முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்துபோன முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. அதாவது உங்களைக் கடித்தது அநேகமாக உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்தது.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கவிழ்க்கச் சொல்லி உபதேசம் செய்துவிட்டு வந்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் டார்ச்சைக் கையில் கொடுத்து ஃப்ரிட்ஜைக் காட்டினாள். பின்பக்கத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்த இருபது முப்பது புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தட்டு கழுவும் நாள். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை ஓரத்திலேயே ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

புதுச்சேரிக் கொசுவுக்கு வருவோம். இங்கே 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றி, 2022-இல் அறிவித்தது. அது உள்ளே இருந்தால் வைரஸ் சரியாகப் பெருகாது. தாய்க்கொசுவிலிருந்து முட்டைக்கும் போய்விடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இதே உத்தியால் டெங்கு முக்கால்வாசிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஊருக்குள் கொசுவை அவிழ்த்துவிட அரசு அனுமதி வேண்டும், மக்கள் சம்மதம் வேண்டும். அதுவரை தட்டைப் பாருங்கள்.

டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு குடித்தால் பிளேட்லெட் ஏறுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

ஏறும். குடிக்காவிட்டாலும் பெரும்பாலானோருக்குத் தானே ஏறும். கவனிக்க வேண்டியது வேறு. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து; ரத்தக்குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிவது அப்போதுதான். அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் வேண்டவே வேண்டாம்.

பண்ருட்டிப் பலாப்பழம் சர்க்கரையைக் குறைக்கிறதாம். தினம் பத்துச் சுளை சாப்பிடலாமா? (பண்ருட்டி)

கூடாது. அந்த ஆய்வு பச்சைக்காய் மாவில், அதுவும் 40 பேரிடம். நீங்கள் சாப்பிடுவது பழம். நூறு கிராம் சுளையில் சுமார் 20 கிராம் சர்க்கரை. எத்தனை பேரிடம் பார்த்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று படியுங்கள் என்பதைத்தான் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன்.

எடை குறைக்கும் ஊசி சீட்டு இல்லாமல் எங்கே கிடைக்கும்? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

எழுதாததன் காரணம் புரிகிறது. அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளூடைட் சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்து. ஒரு பெரிய ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பிவிட்டது. டாக்டரிடம் போங்கள்.

என் மகளுக்கு வானியலில் ஆர்வம். புதுச்சேரிக்கும் வானியலுக்கும் தொடர்பு உண்டா? டெலஸ்கோப் வாங்கித் தரலாமா? (முத்தியால்பேட்டை)

உண்டு, கொஞ்சம் சோகமான தொடர்பு. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் போவதைப் பார்க்க, லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761-இல் அவர் நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்த கணக்கு எதற்கும் உதவவில்லை. வெள்ளி அடுத்த முறை குறுக்கே போகும்வரை எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றி, ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிய பிறகு புதுச்சேரியில் ஆய்வகம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுசெய்து சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். நல்ல பைனாகுலர் ஒன்று போதும். வியாழனின் நிலாக்களே தெரியும். பகலில் மட்டும் அதைப் பூட்டி வையுங்கள்; அதில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.