ழ-வுக்கு எந்த எழுத்து? பெயர் எழுத்துக்கூட்டல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இசட்எச் போட்டால் இங்கே வெளிநாட்டில் 'யாஷினி' என்கிறார்கள், எல் போட்டால் 'யாலினி'. எது சரி?

பதில்: ஆங்கிலத்தில் ழ-வுக்கென்று எழுத்தே கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இசட்எச் ஊன்றிவிட்டது. கோழிக்கோடு, ஆலப்புழை எல்லாம் அப்படித்தான் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் எல் போடுகிறார்கள். 'தமிழ்' என்ற சொல்லையே உலகம் எல் போட்டுத்தானே எழுதுகிறது! குழந்தை வளரப்போவது நம் ஊரில் என்றால் இசட்எச் போடுங்கள். வெளிநாட்டில் என்றால் என் ஓட்டு எல்லுக்கு. யாலினி பக்கத்து வீடு, யாஷினி வேறு தெரு.

கேள்வி: மகிழன். நடுவில் கே, ஜி, எச், மூன்றையும் பார்த்துவிட்டேன். குழப்பம்.

பதில்: 'கண்', 'பக்கம்', 'அகம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டில் க அழுத்தமாக விழும். 'அகம்' என்பதில் இரண்டு உயிரொலிக்கு நடுவே இருப்பதால் இளகிவிடும். மகிழனிலும் அதே கதைதான். அதனால் கே வேண்டாம், தெரியாதவர் 'மக்கிழன்' ஆக்கிவிடுவார். ஜி போடலாம்தான், ஆனால் பின்னால் ஐ வருகிறதே. 'ஜின்', 'ஜிராஃப்' படித்துப் பழகிய கண் 'மஜிழன்' என்று போய்விடும். எச் போட்டால் இந்த வம்பு இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் பிறந்த மகனுக்கு எழில் என்று வைத்தோம். அரசுப் பெயர்ப் பட்டியலில் எங்கள் எழுத்துக்கூட்டல் இல்லவே இல்லை. வேறு யாருக்கும் இந்தப் பெயர் இல்லையா?

பதில்: அப்படி அர்த்தமில்லை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் பட்டியலில், ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான் வரும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிக் கணக்கு. எழிலை மூன்று விதமாக எழுதி, விதத்துக்கு 4 குழந்தைகள் இருந்தால் மொத்தம் 12 எழில்; பட்டியலில் பூஜ்யம். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கிலும் தனித்தனிதான். 2023-இல் ஆண் பெயர்களில் முஹம்மது அங்கே முதலிடம் பிடித்தது ஒரே ஓர் எழுத்துக்கூட்டலுக்கான எண்ணிக்கையால். மற்ற வடிவங்கள் அதில் சேரவில்லை.

கேள்வி: எண் கணிதப்படி ஓர் எழுத்து கூட்டச் சொல்கிறார்கள். கூட்டலாமா?

பதில்: நம்பிக்கை உங்கள் விஷயம். ஒலி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். என் அண்ணன் மகள் பெயர் நிலா. கூட்டுத்தொகைக்காக ஐ-யை எடுத்துவிட்டு இரண்டு ஈ போட்டார்கள். பள்ளியில் டீச்சர் 'நீலா' என்று கூப்பிட, அது வேறு யாரோ என்று இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாள் ஆப்சென்ட்!

கேள்வி: முடிவெடுக்க எவ்வளவு நாள் இருக்கிறது? தமிழ்நாட்டில் இருக்கிறோம்.

பதில்: பிறப்பைப் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடம் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறும் எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தை விடுங்கள், எங்கள் வீட்டிலேயே 'யாளினி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

பதில்: ள சொல்லும்போது மடிந்த நாக்கு நுனி அண்ணத்தைத் தொடும். அதே மடிப்பில், தொடுவதற்கு முன்பே நிறுத்தி ஒலியை விடச் சொல்லுங்கள், ழ வந்துவிடும். முதலில் 'பள்ளம்', அப்புறம் 'பழம்'. தாத்தாவிலிருந்து ஆரம்பியுங்கள்.