எட்டு நாளும் ஐந்து வருஷமும்

அன்புள்ள அண்ணா,

உக்ரைன் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து ஓட்டுப் போட்டதைப் பெரிய விஷயமாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த ஓட்டால் ஒரு குண்டாவது நின்றதா? முள்ளிவாய்க்காலில் நம் ஜனங்கள் செத்தபோது இந்த 141 பேரும் எங்கே போனார்கள்? வெள்ளைக்காரன் செத்தால்தான் மனித உரிமை என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொள்கிறோம்.

கே., கொருக்குப்பேட்டை

அன்புள்ள கே.,

குண்டு நிற்கவில்லை. அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பாதுகாப்பு கவுன்சிலில் 2022 பிப்ரவரி 25 அன்றே ரஷ்யா வீட்டோ போட்டுக் கண்டனத் தீர்மானத்தைத் தடுத்துவிட்டது. மார்ச் 2 அன்று 141 ஓட்டு விழுந்தது. அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் உக்ரைனின் புச்சா ஊரில் தெருவோரம் கிடந்த உடல்களை உலகம் பார்த்தது.

எங்கள் ராயபுரம் தெருவில் ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். ஏரியாவில் கொஞ்சம் செல்வாக்கான ஒருவனுடைய லோடு வண்டி அதை இடித்து நொறுக்கிவிட்டது. நியாயம் கேட்டதற்கு அடி வேறு. அக்கா தனியாக ஸ்டேஷனுக்குப் போனார். "போய்ட்டு நாளைக்கு வாம்மா" என்றார்கள். மறுநாள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடப் போனோம், ஒரு வக்கீல் குமாஸ்தாவும் வந்தார். யாரும் சத்தம் போடவில்லை. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வந்தது. அக்கா அதை மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். நஷ்டஈடு ஒரு பைசா வரவில்லை. ஆனால் அந்த வண்டி அப்புறம் எங்கள் தெருவுக்குள் வரவில்லை, சுற்றிக்கொண்டு போனது. ரசீதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மற்ற நாடுகள் உக்ரைனுக்குச் செய்தது இந்தக் கூடப் போகிற வேலைதான். படையெடுப்பு தொடங்கி எட்டு நாள் கழித்து, மார்ச் 4 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 2. அந்த இரண்டில் ஒன்று ரஷ்யா, மற்றது எரித்திரியா. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குற்றச்சாட்டில் 2023 மார்ச் 17 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்குப் பிடிவாரண்ட் போட்டது. அந்த ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்கு அவர் நேரில் போகவில்லை, வீடியோவில் பேசினார். சுற்றிக்கொண்டு போவது என்றால் இதுதான். சரி, அடுத்த வருஷமே மங்கோலியாவுக்குப் போனார். கைது செய்திருக்க வேண்டிய நாடு அரசு மரியாதையோடு வரவேற்றது. அதையும் மறைக்கவில்லை.

இனி முள்ளிவாய்க்கால். உங்கள் கோபம் நியாயம், ஆனால் ஆள் மாறி விழுகிறது. 2009 மே மாதம் அதே மனித உரிமைக் கவுன்சில் கூடி, இலங்கை அரசைப் பாராட்டுகிற மாதிரி ஒரு தீர்மானத்தை 29 ஓட்டில் நிறைவேற்றியது. முறையான விசாரணைக்கு 2014 வரை, ஐந்து வருஷம் ஆனது. சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற தீர்மானம் 2021இல்தான் வந்தது. 2014, 2021 இரண்டு ஓட்டிலும் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. உக்ரைன்காரனுக்கு எட்டு நாளில் ஏன் கிடைத்தது என்று கேட்கிறீர்கள். நமக்கு ஏன் ஐந்து வருஷம் என்பதல்லவா கேள்வி?

மேற்கு நாடுகளின் இரட்டை நாக்கு எனக்கும் தெரியும். புதினுக்கு வாரண்ட் வந்தபோது தலையாட்டிய அமெரிக்கா, நெதன்யாகுவுக்கு வந்ததும் அதே நீதிமன்றத்தின் மேல் தடை போட்டது. 2025 பிப்ரவரியில் உக்ரைன் கொண்டுவந்த பொதுச்சபைத் தீர்மானத்தை எதிர்த்து ரஷ்யாவோடு சேர்ந்தே ஓட்டுப் போட்டது.

நம் வீட்டுக் கதையும் உண்டு. 2022 ஏப்ரல் 5 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியா புச்சா கொலைகளைக் கண்டித்தது, சுதந்திரமான விசாரணையை ஆதரித்தது. பேசியவர் ஒரு தமிழர், தூதர் டி.எஸ். திருமூர்த்தி. இரண்டே நாளில், ரஷ்யாவை மனித உரிமைக் கவுன்சிலிலிருந்து இடைநீக்கம் செய்யும் ஓட்டு வந்தபோது இந்தியா மறுபடி ஒதுங்கிவிட்டது. கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் வாசலோடு நின்றுவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு.

141 பேர் எங்கே போனார்கள் என்று டீக்கடையில் மறுபடி பேச்சு வந்தால், 2009இல் கைதூக்கிய அந்த 29இல் இந்தியாவும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.