குரல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கரகரப்பு எப்போது போகும்?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: குரலைப் பெண் குரலாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் கரகரப்பு போகவில்லை, தைப்பூசக் காவடிக்குப் பாடலாமா என்று.

இரண்டாவது மாதத்தில் கரகரப்பு இருப்பது சகஜம்தான், பயப்படாதீர்கள். உங்களுக்குச் செய்தது வெண்ட்லர் முறை என்றால், இரண்டு குரல் நாண்களின் முன்பகுதியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், மேல்தோலை நீக்கிச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதிரும் நீளம் குறைவதால் சுருதி ஏறும். ஆனால் தைத்த இடம் ஒட்டி, தழும்பு இளகி, வீக்கம் வடிய வேண்டும். வீங்கிய நாண் கனமாக இருக்கும். அதனால்தான் இப்போது குரல் தடித்து, காற்றோடு கலந்து வருகிறது. நிலைப்பட 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். முன்போல உரக்கப் பேசும் வலு முழுக்கத் திரும்பாமலும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, காவடி? போங்கள், கும்பிடுங்கள். மேளத்துக்கு மேலே குரல் எடுத்துப் பாடுவது மட்டும் இந்த முறை வேண்டாம். கற்பூரப் புகைக்குத் தள்ளியே நில்லுங்கள். இரவில் காரமான கறி சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நாண்களைப் புண்ணாக்கும்.

அப்புறம், பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள். அறுவை சிகிச்சை ஏற்றுவது சுருதியை மட்டும்தான். பேச்சின் ஏற்ற இறக்கமும் ஒலியின் தன்மையும் பயிற்சியில்தான் வரும். ஏறிய குரல் திடீரென்று இறங்கினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.