சென்னையில் வாங்கும் மாட்டிறைச்சியில் ஹார்மோன் இருக்குமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூர்ப் பக்கம் குடியிருந்து பல ஆண்டுகளாக மாட்டுக்கறி வாங்கிச் சமைப்பவன் என்ற முறையில் என் பதில்: ஹார்மோனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நாம் கவலைப்பட வேண்டியவை வேறு.

அமெரிக்காவில் மாட்டை இறைச்சிக்காகவே வளர்க்கிறார்கள். கடைசிச் சில மாதங்கள் அடைப்பில் விட்டு மக்காச்சோளம் ஊட்டுவதோடு, ஈஸ்ட்ரடையால், டிரென்போலோன் போன்ற ஹார்மோன் வில்லைகளைக் காதுத் தோலுக்கடியில் பதித்து எடையை ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 1989 முதல் அந்த இறைச்சியை உள்ளே விடாததால் எழுந்த தகராறு உலக வர்த்தக அமைப்பு வரை போயிற்று. நம் பக்கத்தில் இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பவர்கள் அரிது. பால் வற்றிய எருமையும், உழவுக்கும் வண்டிக்கும் உதவாமல் போன எருதும்தான் அடிமாடாகத் தரகர் கைக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டு அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுக்கத் தடை விதிக்கிறது. மற்ற மாடுகளுக்கும், பத்து வயதைக் கடந்து வேலைக்கோ இனப்பெருக்கத்துக்கோ பயன்படாதவை என்பது போன்ற சான்றை 1958ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. வைக்கோல் தின்றே கிழடான மாட்டுக்கு ஹார்மோன் வில்லை வாங்கிப் பதிக்க எந்த விவசாயிக்கும் காசும் இல்லை, காரணமும் இல்லை. (நம் கறிக்குக் குக்கரில் கூடுதல் விசில் தேவைப்படுவதும் இந்த வயதால்தான்.)

ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்கு அந்த நிம்மதி கிடையாது. கறவை எருமைக்கு மடிநோய் வந்தால் முதலில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். தேறாது என்று தெரிந்ததும், தீவனச் செலவுக்கு அஞ்சி, அந்த வாரமே விற்றுவிடுவார்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தின் நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைப் போட்டால், அறுப்பதற்கு முன் 28 நாள் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இங்கே மாடு விவசாயியிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து லாரிக்கும் கைமாறும்போது, எந்த நாளில் என்ன ஊசி போடப்பட்டது என்ற தகவல் முதல் கையிலேயே நின்றுவிடுகிறது. இறைச்சியில் எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதையே அரசு 2019இல் தடை செய்தது. ஆனால் கடையில் தொங்கும் தொடைக்கறியைப் பார்த்து எச்சத்தைக் கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. வேகவைத்தால் அது முழுவதும் அழிந்துவிடும் என்றும் நம்ப முடியாது.

கண்ணால் கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று உண்டு: மாடு பட்ட பாடு. சரக்கு லாரி ஒன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நெடுஞ்சாலையில் இரவில் ஒரு மாட்டு லாரியின் பின்னால் சற்று நேரம் போனவர்களுக்கு அந்த விதியின் நிலை தெரியும். தண்ணீரில்லாமல், நிற்க இடமில்லாமல், மிரண்டபடி வந்து சேரும் மாட்டின் தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப்பொருள் தீர்ந்துவிடுவதால், அறுத்த பிறகு அதில் போதிய அமிலம் உண்டாவதில்லை. அந்தக் கறி கறுத்து, விறைத்து, தொட்டால் பிசுபிசுக்கும். விரைவில் கெட்டும் போகும். எருமைக்கறி இயல்பாகவே சற்றுக் கறுப்பு என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். கொழுப்பு வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் எருமை, மஞ்சள் படர்ந்திருந்தால் மாடு.

அடுத்தது அறுக்கும் இடம். 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும், நாளைக்கு 96க்கு மேலும் சோதிக்கக் கூடாது. ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கவும் கூடாது. மாநகராட்சித் தொட்டியில், அதாவது இறைச்சிக்கூடத்தில், அறுத்த கறியென்றால் ஒரு மருத்துவரின் கண் பட்டிருக்க வாய்ப்பாவது உண்டு. சந்துக்குள் அறுத்ததற்கு அதுவும் இல்லை. ஈரலில் நீர்க்கட்டி, தசையில் நாடாப்புழுவின் இளம்புழு அடங்கிய சிறு கட்டி ஆகியவற்றை அந்தச் சோதனைதான் பிடிக்கும். ஆகவே கடைக்காரரிடம் "பாய், இது தொட்டியில அறுத்ததா? முத்திரை இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். பழகிய கடைக்காரர் தொடையில் பதிந்த முத்திரையைத் திருப்பிக் காட்டுவார். மழுப்புகிறவரிடம் நான் வாங்குவதில்லை. சென்னை வெயிலில் கறி நண்பகலைத் தாண்டித் தொங்கக் கூடாது என்பதால் காலை எட்டு மணிக்குள் வாங்கிவிடுவேன்.

குழந்தைகளுக்கு நான் கொடுக்கிறேன். வாரம் ஒரு முறை, நன்றாக வேகவைத்து. ஈரலையும் சிறுநீரகத்தையும் மட்டும் கொடுப்பதில்லை. மருந்து எச்சம் பெரும்பாலும் அவற்றில்தான் அதிகம் தங்கும். கைமா வேண்டுமென்றால் முழுத் துண்டாகப் பார்த்து வாங்கி, கண்ணெதிரே கொத்தச் சொல்லுங்கள்.