சேமக்காலையில் பூட்டனைத் தேடுவது

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். வருகிற ஆவணியில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்து மூன்று கிழமை நிற்கப் போகிறோம். இந்தமுறை எங்கள் வம்சாவளியை எழுதி முடிக்க வேண்டும் என்று ஆசை. என்னோடு வேலை செய்கிற ஐரிஷ்காரர் ஒருவர் கல்லறைப் படங்களை இணையத்தில் பார்த்தே ஏழு தலைமுறையை எழுதிவிட்டார். எங்களுக்கு அப்படி முடியாதா? அம்மா உடுவில், சபைக்காரர் (புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்). அம்மாவின் பூட்டனுக்கு முழுக்க வெள்ளைக்காரப் பெயர். எங்களில் பறங்கி (ஐரோப்பியக் கலப்பு) இரத்தம் இருக்கிறது என்று வீட்டில் ஒரே பகிடி. அப்பா அளவெட்டி, சைவம். அப்பா பக்கத்துக் கல்லறைகளை எங்கே தேடுவது? இன்னொன்று, பழைய கல்லில் எழுத்து அழிந்திருந்தால் பெயின்ற் அடித்துத் தெளிவாக்கலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பெயின்ற் அடிக்க வேண்டாம். அழிந்த எழுத்தின்மேல் பெயின்ற் அடிக்கிறவர் தான் ஊகித்ததைத்தான் அடிக்கிறார். 1873ஐ ஒருவர் 1878 என்று கறுப்பு மையால் தெளிவாக்கிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற எல்லோருக்கும் அது 1878தான். கம்பித் தூரிகை, அசிட், சோக்குக்கட்டி, மா தடவுவது ஒன்றும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பழைய கற்களில் பல சுண்ணாம்புக்கல். உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருப்பதை அசிட் கரைத்துவிடும்.

ஒரு போத்தல் தண்ணீர், மெல்லிய தூரிகை, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று. இவ்வளவும் போதும். விடிய வெள்ளெனப் போங்கள். உச்சி வெயிலில் வெறும் சாம்பல் பலகையாகத் தெரிகிற கல், காலைச் சாய்வெயிலில் எழுத்தெழுத்தாக எழும்பி வரும். கல் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் ஒருவரைக் கண்ணாடியோடு பக்கவாட்டில் நிறுத்தி, வெளிச்சத்தைக் கல்லின்மேல் சரித்து விடச் சொல்லுங்கள். அந்த நேரம் போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுக்கலாம். கண்ணாடி பிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அலுப்புப்படாமல் நிற்பார்கள். உங்கள் கல்லோடு நிறுத்தாமல் இடம், வலம், பின்னால் இருக்கிற கற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் பக்கத்தில்தான் கிடப்பார்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடேயே பிரதி பண்ணுங்கள்.

சரி, இனி அந்த ஐரிஷ்காரர். அவருடைய வசதி எங்களுக்கு இல்லை. ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன் கிரேவ்ஸ் போன்ற தளங்களில் தேடுகிற பெட்டியே குடும்பப் பெயரைத்தான் கேட்கிறது. எங்களில் ஆளின் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர், அதுவும் பெரும்பாலும் ஒற்றை எழுத்தாக. கல்லில் 'சி. கந்தையா' என்று இருந்தால் அந்தச் 'சி.' சின்னத்தம்பியா, சிவசம்புவா, சின்னையாவா? போதாததற்குப் பேரனின் (பாட்டனின்) பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் வேறு. சின்னத்தம்பியின் மகன் கந்தையா, அவருடைய மகன் சின்னத்தம்பி, அவருடைய மகன் திரும்பவும் கந்தையா. பேரனும் 'சி. கந்தையா', பேரப்பிள்ளையும் 'சி. கந்தையா'. வெளிநாட்டிலிருந்து குடும்ப மரம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒருவராக்கி, இடையில் ஒரு தலைமுறையையே விழுங்கிவிடுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு ஆண்டுகள் வந்து முட்டினால் கல் பிழை என்று எண்ணமுதல் ஆள் இரண்டு பேரோ என்று பாருங்கள்.

உங்கள் வெள்ளைக்காரப் பூட்டனுக்கு வருகிறேன். பறங்கி இரத்தம் என்று இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்லித் திரிய வேண்டாம். அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று நிலையங்கள் போட்டு, விடுதிப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஏற்றுக்கொண்டால், அவர்கள் சொல்கிற பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களைப் பாருங்கள்: கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்ட அந்தச் சதாசிவம்பிள்ளையை ஜே. ஆர். ஆர்னல்ட் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடுகிற ஒருவர் மாசச்சூசெட்ஸுக்கு விமானச்சீட்டு எடுத்திருப்பார்.

உங்கள் பூட்டனின் பெயரும் அப்படிக் கடல் கடந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பெயர் தந்தவருக்கும் உங்களுக்கும் ஒரு சொந்தமும் இராது. இதில் வருகிற சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கூடப் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு கொடையாளிகள் வாய்த்தால் இரண்டு வேறு பெயர்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) முன்பின் அறியாதவர்கள்போலக் கிடப்பார்கள். ஆனபடியால் கல்லில் கண்ட பெயரையும் ஆண்டையும் எடுத்துக்கொண்டு சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போங்கள். அந்தப் பெயருக்கு முந்திய தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றில் ஒன்றாவது அங்கே அகப்பட்டால் பூட்டனுக்குப் பின்னால் ஒரு சைவக் குடும்பம் தெரியத் தொடங்கும். மிஷனின் தலைமைச் சங்கத்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தை விட உங்களுக்கு அது கிட்ட.

இதே மண்ணில் வெள்ளைக்காரரின் கல்லுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் இங்கேயே இறந்தார். அவருடைய மகள் வழிக் கொள்ளுப்பேரன்தான் ஐசனோவர் காலத்தில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளராக இருந்த ஜோன் ஃபொஸ்ரர் டலஸ். அந்த வம்சாவளியை ஒரு மத்தியானத்தில் எழுதி முடிக்கலாம். இங்கே அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் இலங்கை முழுக்க இருந்த கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1913இல் பெரிய புத்தகமாகப் போட்டார். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990 சண்டையில் நொறுங்கிய பிறகு, அங்கே கிடந்த கற்களில் என்ன எழுதியிருந்தது என்று அறிய அந்தப் புத்தகம் போன்ற பழைய பிரதிகள்தான் கைகொடுக்கின்றன. ஆனால் அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் பறங்கியரும். எங்கள் சனத்தின் கற்களை அப்படி ஒருவரும் உட்கார்ந்து எழுதவில்லை. இப்போது கையில் போனோடு வருகிற உங்களைப் போன்றவர்கள்தான் எழுத வேண்டும்.

கல்லை வாசிக்கும்போது அதை எப்போது, யார் வைத்தது என்றும் பாருங்கள். 1920இல் இறந்தவருக்கு 1985இல் இலண்டனிலிருந்து காசு அனுப்பி வைத்த மாபிள் கல் உண்டு. எழுத்து அச்சுப் போல இருக்கும், ஆனால் ஆண்டு ஒரு கிழவியின் ஞாபகம். அதே குழியின் தலைமாட்டில் சீமெந்து ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறிய கோணல் எழுத்து இருந்தால் நான் அந்தக் கோணலைத்தான் நம்புவேன். வயதிலும் ஒரு ஆண்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். 'வயது 72' என்பது முடிந்த வயதா நடக்கிற வயதா என்று கல் சொல்லாது.

இதை வாசிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. கல்லில் இராயப்பு என்று இருப்பவர் பதிவேட்டில் பீற்றராக இருப்பார், சூசைப்பிள்ளை ஜோசப்பாக, சந்தியாப்பிள்ளை ஜேம்ஸாக, சவிரிமுத்து சேவியராக. எழுத்து வரிசையில் தேடி அகப்படவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். முடிந்தால் நவம்பர் 2, மரித்தோர் நாளில் வாருங்கள். அன்று பின்னேரம் கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலை போன்ற இடங்களில் ஒவ்வொரு குழியருகிலும் மெழுகுதிரியோடு ஆள் நிற்கும். ஒரே குழியைக் குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பத் திறப்பதால் கல்லில் கடைசிப் பெயர்தான் இருக்கும், அதற்கு முந்தியவர்களின் பெயர்கள் அங்கே நிற்கிறவரின் வாயில்தான் இருக்கும்.

அப்பா பக்கத்துக்கு வருகிறேன். அளவெட்டியில் சுடலைக்குப் போக வேண்டாம், அங்கே ஒன்றும் இல்லை. எரித்து, காடாத்தி, சாம்பலைக் கீரிமலையில் கரைத்த சனத்துக்குக் கல்லறை ஏது? குழந்தைகளைப் புதைத்திருப்பார்கள், அதற்கும் கல் வைப்பதில்லை.

ஆனால் சைவக்காரர் கல்லில் பெயர் எழுதாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் அதைக் கோவிலில் எழுதினார்கள். அப்பாவின் குடும்பம் எந்தக் கோவிலில் திருவிழா உபயகாரர் என்று கேட்டு அங்கே போங்கள். மண்டபத் தூண், கிணற்றுக்கட்டு, மணி, வாகனத்தின் அடிப்பலகை, மடைப்பள்ளிச் சுவர் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள். 'இன்னார் ஞாபகார்த்தமாக மகன் இன்னார் உபயம், சிங்கப்பூர்' என்ற ஒரு வரியில் இரண்டு தலைமுறையும் ஒரு கப்பல் பயணமும் இருக்கும். மலாயாப் பென்சன் காசில் கட்டின மண்டபங்கள் எங்கள் பக்கம் நிறைய. தெருவோரச் சுமைதாங்கிகளையும் விடாதீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைக்கிற கல் அது. எழுத்து இல்லாவிட்டாலும் யாருக்காக வைத்தது என்று அயலில் ஒரு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பேசாமல் விட்ட ஒரு மூத்த தாரத்தின் கதை அதில் வெளியே வரலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வாய்ப்பு, இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற கல்வெட்டு. கல் இல்லை, நினைவுப் புத்தகம். அளவெட்டியில் பழைய வீடு ஒன்றின் அலுமாரி மேல்தட்டிலோ சாமி அறையிலோ ஒரு கட்டு இருக்கும். தேவாரத்தையும் புலம்பலையும் தள்ளிவிட்டு வம்சாவளிப் பக்கத்தைப் பாருங்கள். பிறகு இறந்த நாளைச் சொல்கிற திதி வெண்பா. அதில் வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி எல்லாம் இருக்கும், ஆனால் ஆங்கிலத் திகதி இராது. விசுவாவசு வருடம் என்றால் 1905 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1965 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். பிள்ளைகளின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று பிடித்துவிட்டு, அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் நாளை எடுக்கலாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சிலவேளை ஒரு நாள் வித்தியாசம் காட்டும், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். வீட்டில் இல்லாவிட்டால் நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் தேடுங்கள், பல நினைவு மலர்களை மின்வடிவாக்கி வைத்திருக்கிறார்கள். 1981இல் எரிந்த பொது நூலகத்தில் இருந்திருக்கக்கூடியதை ஒருவரும் திருப்பித் தர முடியாது. வீட்டு அலுமாரிகள்தான் மிச்சம்.

கோவில் கல்லில் ஆண்களின் பெயர்தான் வரும். பெண்களைத் தேடக் காணி உறுதிக்குப் போக வேண்டும். 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஈசாக்ஸ் எழுதித் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தில் சீதனத்துக்குப் பெரிய இடம் இருக்கிறது. தாயின் சீதனக் காணி மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போகும். அப்பாவின் தாயாருடைய சீதன உறுதியை எடுத்தால் அவருடைய தாய் தகப்பன், மாப்பிள்ளை, காணியின் பெயர், எத்தனை பரப்பு, அது இவர்களிடம் எப்படி வந்தது என்பதெல்லாம் இருக்கும். காணிப் பெயர் ஆளின் பெயரைப் போல மாறாது. அப்புறம், அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பேரனின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கிற கட்டம் ஒன்று அதில் இருக்கக்கூடும். பிரஜாவுரிமை நிரூபிக்கப் போட்ட கேள்வி, எங்களுக்கு வம்சாவளியாக உதவுகிறது.

எல்லாக் கல்லும் இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். வலிகாமம் வடக்கில் மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் 1990இல் இடம்பெயர்ந்த சனம் பல பத்தாண்டுகள் ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது வீடு எது, கோவில் எது என்று பிடிப்பதே பாடாக இருந்தது. கோப்பாயில் புலிகளின் மாவீரர் துயிலுமில்லக் கற்களை இடித்து அந்த இடத்தில் 2011இல் இராணுவத் தலைமையகமே திறந்தார்கள். அங்கே பிள்ளையை வைத்த தாய்க்கு, வந்து படம் எடுக்க ஒன்றும் இல்லை.

உங்கள் மூன்று கிழமையில் முதல் இரண்டு நாளை மூத்தவர்களோடு கதைக்க வையுங்கள், கல் அதற்குப் பிறகு. உடுவில் போதகருக்கு இப்போதே கடிதம் போடுங்கள். பூட்டனின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு பார்க்க வேண்டும் என்று மூன்று வரி போதும். வந்து இறங்கிய பிறகு கேட்டால் அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு கிழமை போய்விடும்.