ஷரத்துகளின் பொடி எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து துறைமுகங்களும் ஹாங்காங் தீவும் போனது தவிர, நான்கிங் உடன்படிக்கையில் அப்படி என்ன இருக்கிறது? சீனாவை அது நூறு ஆண்டு கட்டிப்போட்டது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கட்டிப்போட்டது நான்கிங் அல்ல, அடுத்த ஆண்டு வந்த துணை உடன்படிக்கை. முதல் அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா, 1842 ஆகஸ்ட் 29 அன்று யாங்சி ஆற்றில் நின்றிருந்த 'கார்ன்வாலிஸ்' போர்க்கப்பலில் கையெழுத்திட்ட நான்கிங்கில் கண்ணுக்குத் தெரியும் இழப்புகள்தான் அதிகம். நீங்கள் சொன்னவற்றோடு 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் போர்ச் செலவுக்கு 120 லட்சம், காண்டன் நகரச் சீன வணிகர்கள் பிரிட்டிஷாருக்கு வைத்த பாக்கிக்கு 30 லட்சம், 1839இல் சீனா பறிமுதல் செய்த அபினுக்கு 60 லட்சம். அடி வாங்கியவனே தடிக்கும் காசு கொடுத்தான்.

பணம் கட்டினால் தீர்ந்துவிடும். தீராத வினை 1843 அக்டோபரில் போக் என்ற இடத்தில் கையெழுத்தான அந்தத் துணை உடன்படிக்கையின் 8ஆம் ஷரத்தில் இருந்தது. 'மிகவும் விருப்பமான நாடு' என்பார்களே, அது. சீனா இனி எந்த நாட்டுக்கு என்ன புதுச் சலுகை கொடுத்தாலும் பிரிட்டனுக்கும் அது உண்டு. பிரிட்டன் பதிலுக்கு ஒன்றும் தர வேண்டாம். அந்நியர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதில் என்ன நஷ்டம் என்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசவை நினைத்தது.

நஷ்டம் இப்படி வந்தது. 1844இல் அமெரிக்கா தன் வாங்ஷியா உடன்படிக்கையில், 12 ஆண்டு கழித்துத் திருத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தது. நான்கிங்கில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனாலும் 8ஆம் ஷரத்தைக் காட்டி அமெரிக்காவின் வரியைத் தனதாக்கிக்கொண்ட பிரிட்டன், 1842உடன் 12ஐக் கூட்டி, 1854இல் திருத்தம் கேட்டு வந்து நின்றது. சீனா மறுத்தது. 1856இல் 'ஆரோ' என்ற கப்பலின் மாலுமிகளைச் சீன அதிகாரிகள் பிடித்த விவகாரம் போருக்குச் சாக்காகக் கிடைத்தது. இரண்டாம் அபினிப் போர் 1860இல் முடிந்தபோது ஹாங்காங் தீவின் எதிர்க்கரையான கவ்லூனும் பிரிட்டன் கையில்.

வெளியே வரும்போதும் இதே ஷரத்து காலைப் பிடித்து இழுத்தது. இறக்குமதிக்கு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மேல் சீனா வரி போட முடியாதிருந்தது. வரியை இனி நீங்களே முடிவு செய்யலாம் என்று 1928இல் அமெரிக்கா ஒப்புக்கொண்டது. ஆனால், மற்றவர்களைவிட அமெரிக்கர் அதிகம் கட்ட மாட்டார்கள் என்ற நிபந்தனையோடு. ஆக, கடைசி ஆளாக 1930 மே மாதம் ஜப்பான் இறங்கி வரும்வரை முழு உரிமை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்கக் குடிமக்களைச் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற ஏற்பாடு ஒழிய 1943 ஆயிற்று.

கேள்வி: மொழிபெயர்ப்புப் பிழையால் எத்தியோப்பியாவில் போர் மூண்டதாமே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: போர் மூண்டது உண்மை. அது வெறும் பிழைதான் என்று நம்புவதற்குத்தான் நிறைய நல்ல மனசு வேண்டும். 1889 மே 2 அன்று இத்தாலியும் எத்தியோப்பிய மன்னர் மெனெலிக்கும் செய்த வூச்சாலே உடன்படிக்கையின் 17ஆம் ஷரத்தில், பிற நாடுகளோடு பேச இத்தாலியின் உதவியை மன்னர் 'பெறலாம்' என்றது அம்ஹாரிக் பிரதி. பெற 'ஒப்புக்கொள்கிறார்' என்றது இத்தாலியப் பிரதி. அந்தச் சொல்லை வைத்தே எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் இருப்பதாக இத்தாலி மற்ற அரசுகளுக்கு அறிவித்துவிட்டது. மெனெலிக் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களுக்கு, இத்தாலி வழியாக வாருங்கள் என்று பதில் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது 19ஆம் ஷரத்து: இரு பிரதிகளும் முழுக்கப் பொருந்துகின்றன, இரண்டுமே அதிகாரபூர்வமானவை என்கிறது. முரண்பட்டால் எது செல்லும் என்ற வரி இல்லை. 1893இல் மெனெலிக் உடன்படிக்கையை ரத்து செய்தார். 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் இத்தாலியப் படை நொறுங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் எத்தியோப்பியாவின் முழுச் சுதந்திரத்தை இத்தாலி எழுத்தில் ஏற்றது.

கேள்வி: 1746இல் பிடித்த சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் ஏன் விட்டார்கள்? (வாசகர், சென்னை)

பதில்: கனடாவில் பிரிட்டன் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக் கோட்டையான லூயிஸ்பர்க்குக்காக. 1748இல் எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையில் இரு தரப்பும் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். ஆற்காட்டு நவாபுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

கேள்வி: ஹாங்காங் தீவையும் கவ்லூனையும் நிரந்தரமாக எழுதி வாங்கிய பிரிட்டன், 1997இல் அவற்றையும் ஏன் கொடுத்தது? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: நிரந்தரமான பகுதி மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி, சீனாவிடம் 1898 ஜூலை 1 முதல் 99 ஆண்டுக்கு எடுத்த குத்தகை. பெரிய நீர்த்தேக்கங்களும் புதுநகரங்களும் அங்கேதான். அதை வெட்டிவிட்டுத் தீவு மட்டும் பிழைக்காது.

சிக்கலைக் கிளப்பியது வீட்டுக்கடன். குத்தகை நிலத்தில் அரசு கொடுத்த மனைகளின் கெடு அந்த 99 ஆண்டுக் குத்தகையைவிட 3 நாள் முன்பாக, 1997 ஜூன் 27இல் முடியும். 15 ஆண்டுக் கடன் தரும் வங்கி, 1982க்குப் பிறகு அந்த மனையை எப்படி ஈடாக வாங்கும்? 1979 மார்ச்சில் ஹாங்காங் ஆளுநர் மக்லெஹோஸ் பெய்ஜிங் போய், மனைக் கெடுவை மட்டும் நீட்டலாமா என்று சீனத் தலைவர் டெங் ஷியாவோபிங்கிடம் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. முதலீட்டாளர்கள் கவலைப்பட வேண்டாம் என்று டெங் சொன்னதை மட்டும் ஊர் திரும்பிச் சொன்னார்.

1984 டிசம்பர் 19 அன்று, ஹாங்காங் முழுவதையும் 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கும் பிரிட்டன்–சீனா கூட்டறிக்கை கையெழுத்தானது. மனைக்காரர்கள் படிக்க வேண்டியது அதன் மூன்றாம் இணைப்பு: அந்தக் கெடு 2047 ஜூன் 30 வரை நீட்டிக்கப்படும், கூடுதல் முன்பணம் இல்லை, ஆண்டு வாடகை, சொத்தின் வரி மதிப்பில் 3 சதவீதம்.